பாட்டிலும் ஊசியும்
குடிகாரருக்கு நாம் பாட்டில் வாங்கித் தருவதில்லையே, போதை ஏற்றுபவருக்கு மட்டும் ஊசி எதற்கு என்கிறார்கள். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், பழைய ஊசியை வாங்கிக்கொண்டு சுத்தமான ஊசி தரும் ஸ்காட் கவுண்டியின் ஊசிப் பரிமாற்றத் திட்டத்தை 2021-இல் மூட வாக்களித்த தரப்பு சொன்ன வாதம் இது. அடிப்படையே தவறு. பாட்டிலில் இருப்பது போதை; சுத்தமான ஊசியில் எதுவுமில்லை. அது தடுப்பது அடுத்தவரின் இரத்தத்தை மட்டும்தான்.

ஊசி கொடுக்காதபோது என்ன நடந்தது என்பதற்கு அதே கவுண்டிதான் சாட்சி. அங்கே ஆஸ்டின் என்ற ஊரில் வசிப்பவர்கள் சுமார் 4,000 பேர். ஓபானா என்ற வலி மாத்திரையைக் கரைத்து, ஒரே ஊசியைப் பலர் மாற்றி மாற்றிக் குத்திக்கொண்டார்கள். ஆண்டுக்கு ஐந்து பேருக்குக்கூட எச்ஐவி வராத இடத்தில் 200-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்றியது. அவர்களில் பெரும்பாலோருக்கு ஹெபடைடிஸ் சி-யும் இருந்தது. ஊசி கிடைக்காததால் ஒருவராவது போதையை விட்டாரா? இத்திட்டங்களை எதிர்த்துவந்த ஆளுநர் மைக் பென்ஸே 2015 மார்ச்சில் அவசரநிலை அறிவித்து அங்கே ஊசிப் பரிமாற்றத்தை அனுமதிக்க வேண்டியதாயிற்று. ஊசியும் பரிசோதனையும் சிகிச்சையும் சேர்ந்து வந்தபின் புதிய தொற்று சரிந்தது.

ஊசி கொடுத்தால் பழக்கம் வளரும் என்ற அச்சமும் நிற்காது. சியாட்டிலில் நடந்த ஆய்வில், இத்தகைய திட்டத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள், சேராதவர்களைவிட ஐந்து மடங்கு அதிகமாகப் போதை மீட்புச் சிகிச்சைக்குப் போனார்கள். ஊசிக்காக வருகிறவரிடம்தான் பேசவே முடிகிறது. அந்தக் கதவையும் சாத்திவிட்டு, அவரை எங்கே சந்திக்கப் போகிறீர்கள்?