உளி வாங்கலாம், உளிப்பிடி நாமே செய்வோம்!



போன மாத இதழில் 'எதிர்காலத்தில் நான்' என்று பலர் எழுதியிருந்தீர்கள். டாக்டர், போலீஸ், கலெக்டர், டீச்சர் எல்லாம் வந்தது. நல்ல ஆசைகள்தான். ஆனால் கையால் ஒரு பொருள் செய்வேன் என்று ஒருத்தர்கூட எழுதவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை. நம் பள்ளியில் படிக்கும் ஒவ்வொருவரும், ஆண் பெண் பேதமில்லாமல், மரவேலைக்கு வேண்டிய ஒரு கைக்கருவியையாவது சொந்தமாகச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

எங்கப்பா தச்சு வேலை செய்கிறார். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகைதான் பட்டறை. அங்கே தொங்குகிற கருவிகளில் பாதிக்கு மேல் அப்பாவும் தாத்தாவும் செய்தவை. கொட்டாப்புளி, மூலைமட்டம், கோடு கிழிக்கிற கட்டை, இழைப்புளியின் மரக்கட்டை, எல்லா உளிக்கும் பிடி.

<b>கடையில் கிடைக்கிறதே, ஏன் செய்யணும்?</b>

இதைத்தான் எல்லாரும் முதலில் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ரம்பத்தையும் அரத்தையும் வாங்கத்தான் வேண்டும். அந்தப் பல்லை வீட்டில் வெட்ட முடியாது. உளியின் இரும்பை கொல்லுப்பட்டறையில் பெரியவர்கள்தான் காய்ச்சி அடிக்க வேண்டும். பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டையை நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, அடித்து, தோய்ச்சல் போட்டால் நல்ல உளி ஆகும். தோய்ச்சல் அதிகமானால் முனை உடைந்துவிடும், குறைந்தால் மழுங்கிவிடும். அது பல வருஷம் பழகிய கை செய்ய வேண்டிய வேலை.

ஆனால் பிடி? கடையில் விற்கிற உளிப்பிடி பெரிய ஆள் கைக்குச் செய்தது. என் உள்ளங்கைக்குள் அது அடங்காது. கொஞ்ச நேரம் பிடித்தாலே விரல் வலிக்கும். கருவேலங்கட்டையில் என் கை அளவுக்கு ஒரு பிடி செதுக்கிப் போட்டேன். அதே உளிதான், ஆனால் இப்போது சொன்ன பேச்சைக் கேட்கிறது. வாங்கும்போது நாம்தான் கருவிக்கு ஏற்ப வளைய வேண்டும். செய்யும்போது கருவி நமக்கு ஏற்ப வரும்.

கொட்டாப்புளியைப் பாருங்கள். உளியை இரும்புச் சுத்தியலால் அடித்தால் பிடி பிளந்துவிடும் என்பதற்காகத்தான் மரத்தில் செய்கிறோம். புளியமரம் சீக்கிரம் பிளக்காது, அதனால் தலைக்கு அதைப் போடுவார்கள். அப்பா செய்கிற கொட்டாப்புளியில் கைப்பிடி மேல்பக்கம் கொஞ்சம் அகலமாகவும் கீழே வரவர ஒடுக்கமாகவும் இருக்கும். தலையில் உள்ள துளையும் அப்படியே. மேலிருந்து நுழைத்து இறக்க வேண்டும். ஓங்கி வீசும்போது தலை வெளியே பறக்கத்தான் பார்க்கும். ஆனால் வெளியே போகப் போக அது அகலமான பக்கம் போய் இறுகிக்கொள்ளும். ஆணியும் வேண்டாம், பசையும் வேண்டாம். மையவிலக்கு விசையைப் பற்றி நாம் இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதுகிறோம். எங்கள் தாத்தா ஐந்தாவதோடு நின்றவர், அதையே மரத்தில் எழுதியிருக்கிறார்.

<b>சரியா என்று எப்படித் தெரியும்?</b>

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்று பழமொழி சொல்வார்கள். ஆனால் சில நேரம் கூடம் நிஜமாகவே கோணலாக இருக்கும்! கடையில் வாங்கிய மூலைமட்டம் 90 பாகைதான் காட்டுகிறது என்று யார் உறுதி சொல்வது?

சோதிக்க ஒரு வழி இருக்கிறது. விளிம்பு நேராக உள்ள ஒரு பலகையை எடுங்கள். மூலைமட்டத்தை விளிம்போடு ஒட்டி வைத்து ஒரு கோடு போடுங்கள். அப்படியே திருப்பிப் போட்டு, அதே புள்ளியில் இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் ஒன்றாக விழுந்தால் மட்டம் சரி. பிரிந்து போனால் கோணல். மட்டம் 89 பாகை என்றால் இரண்டு பக்கமும் சேர்ந்து 178 தான் வரும். நேர்கோட்டுக்கு 180 வேண்டும். மீதி 2 பாகை கோடுகளுக்கு நடுவில் இடைவெளியாகத் தெரியும். அதில் பாதிதான் மட்டத்தின் பிழை. அதாவது சின்னப் பிழையையும் இந்தச் சோதனை இரண்டு மடங்காக்கிக் காட்டிவிடும்.

இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒரு பலகையும் பென்சிலும் போதும். செய்கிறவர் இதைச் சோதிக்காமல் விடமாட்டார். வாங்குகிறவர் நம்பி விடுவார். படிப்பும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கைடைப் பார்த்து எழுதினால் விடை வரும். ஆனால் அது சரியா என்று பார்க்கத் தெரியாது.

<b>இது குலக்கல்வி ஆகாதா?</b>

என் தோழி ஒருத்தி இப்படிக் கேட்டாள். நல்ல கேள்வி. 1953-ல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது ஒரு கல்வித் திட்டம் வந்தது. கிராமத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு நாளைக்கு 3 மணி நேரம்தான் வகுப்பு. மீதி நேரம் பெற்றோர் தொழிலைப் பழக வேண்டும். தச்சர் பிள்ளை தச்சு, குயவர் பிள்ளை பானை. பெரியாரும் மற்றவர்களும் இதைக் குலக்கல்வி என்று சொல்லி எதிர்த்தார்கள். 1954-ல் காமராஜர் முதலமைச்சர் ஆனதும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அது நின்றது நல்லதுதான். நின்றிருக்காவிட்டால் எங்கள் ஊரில் எத்தனை பேர் கல்லூரிக்குப் போயிருப்பார்கள்?

நான் கேட்பது அதற்கு நேர் எதிர். ஆசாரி வீட்டுப் பிள்ளை மட்டும் உளி பிடிக்க வேண்டாம். எல்லா வீட்டுப் பிள்ளையும் பிடிக்கட்டும். வகுப்பு நேரத்தைக் குறைக்க வேண்டாம், வாரத்தில் ஒரு பீரியட் போதும். ஒரு தொழில் ஒரு சாதிக்கு மட்டும் என்று இருக்கிறவரைக்கும் அதற்கு மரியாதை வராது. எல்லார் கையிலும் கொஞ்சம் காய்ப்பு இருந்தால், காய்ப்புக் காய்த்த கையை யாரும் கேவலமாகப் பார்க்க மாட்டார்கள்.

<b>பொண்ணுக்கு எதுக்கு உளி?</b>

இந்தக் கேள்வி பள்ளியில் வரவில்லை, வீட்டில் வந்தது. ஏழாவது படிக்கிறவரைக்கும் நான் பட்டறையில் உட்கார்ந்திருந்தால் யாரும் எதுவும் சொன்னதில்லை. இப்போது, "பெரிய பொண்ணாயிட்டே, ஆம்பளைங்க வந்து போற எடத்துல ஒனக்கு என்ன வேலை?" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அப்பா போகாதே என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. பேசாமல் இழைத்துக்கொண்டே இருக்கிறார். என் தம்பிக்கு மரத்தூள் பட்டாலே தும்மல் வரும். அவனைத்தான் கூப்பிட்டுக் கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள்.

அம்மிக் கல்லைத் தூக்குகிற கைக்கு அரை கிலோ கொட்டாப்புளி கனமா? தேங்காயை ஒரே வெட்டில் உடைக்கிற அம்மாவுக்கு உளி பிடிக்க வராதா? வேலைக்கு ஆண் பெண் தெரியாது. கூர் இருக்கிறதா, கோணல் இல்லையா என்று மட்டும்தான் அதற்குத் தெரியும்.

<b>நான் கேட்டுக்கொள்வது</b>

தலைமை ஆசிரியர் அவர்களிடம் ஒரு பணிவான வேண்டுகோள். இந்த ஆண்டு அறிவியல் கண்காட்சியில் தெர்மாகோல் எரிமலையோடு, நாமே செய்த கருவிகளுக்கும் ஒரு மேசை கொடுங்கள். முதலில் சுலபமானது போதும்: கோடு கிழிக்கிற கட்டை. ஒரு சாண் நீளக் குச்சி, அது நுழைகிற மாதிரி துளை போட்ட சின்னக் கட்டை, கட்டை நகராமல் இறுக்க ஒரு ஆப்பு, குச்சி முனையில் கூராக்கிய ஓர் ஆணி. விறகுக் குவியலிலேயே மரம் கிடைக்கும். துளை போடும்போது மட்டும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். உளி போகிற பாதையில் இன்னொரு கையை வைக்கக் கூடாது. இந்த இரண்டையும் முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிட வேண்டும்.

இதில் என் சுயநலமும் இருக்கிறது, மறைக்கவில்லை. "ஸ்கூல்ல செய்யச் சொன்னாங்க" என்றால் வீட்டில் யாரும் மறுக்க மாட்டார்கள். பட்டறைக் கதவு எனக்குத் திறக்கும். என்னைப் போல எத்தனை பேருக்கு எத்தனை கதவு திறக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

சரி என்று நினைப்பவர்கள் இந்தத் தாளுக்குக் கீழே உங்கள் பெயரையும் வகுப்பையும் எழுதுங்கள். சரியில்லை என்று நினைப்பவர்கள் அடுத்த இதழில் பதில் எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி