10 ஜிபிபிஎஸ் இணையம் வந்தாச்சு, ஆனா கடைசி அறையில் ஏன் இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு?

இரவு மணி 9. வீவக நான்கறை வீடு. அக்கா வரவேற்பறை சோபாவில் சாய்ந்தபடி 4கே தரத்தில் தொடர் பார்க்கிறார். படம் ஒரு முறைகூடத் தடுமாறவில்லை.

கடைசி அறையில் தம்பி. நாளைக் காலைக்குள் ஒப்படைக்க வேண்டிய குழுப்பணிக்காக வீடியோ அழைப்பில் இருக்கிறான். "கேக்குதா? இப்ப கேக்குதா?" என்று நாலைந்து முறை கேட்டுவிட்டு, கதவைத் திறந்து கத்துகிறான்: "யாரு வைஃபைய ஃபுல்லா யூஸ் பண்றது?"

யாரும் இல்லை. 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைக்கும் வேகமே 15 எம்பிபிஎஸ்தான், அதாவது வினாடிக்கு 15 மெகாபிட். அந்த வீட்டுக்குள் வருவதோ 1 ஜிபிபிஎஸ், அதாவது 1,000 எம்பிபிஎஸ். அக்கா எடுத்துக்கொண்டது அதில் ஒரு துளி.

ஆனால் மறுநாள் என்ன நடக்கும்? அப்பா கடைத்தொகுதியில் இருக்கும் இணையச் சேவை விற்பனைக் கூடத்துக்குப் போவார். "வீட்ல நெட் ஸ்லோ" என்பார். இன்னும் வேகமான திட்டம் ஒன்றுக்கு 24 மாத ஒப்பந்தம் கையெழுத்தாகும். புதுப் பெட்டி பழைய பெட்டி இருந்த அதே இடத்தில் வந்து உட்காரும். தம்பி மறுபடியும் "கேக்குதா?" என்பான்.

வாசல்வரை வேகம், அதற்குப் பிறகு?

2024 பிப்ரவரியில் அரசாங்கம், நாடளாவிய அகண்ட அலைவரிசைக் கட்டமைப்பை 10 ஜிபிபிஎஸ் வேகத்துக்கு உயர்த்த 100 மில்லியன் வெள்ளி வரை ஒதுக்குவதாக அறிவித்தது. தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையம் அந்தப் பணியை வழிநடத்துகிறது. நல்ல விஷயம்தான். இது அடுத்த பத்து, பதினைந்து ஆண்டுகளுக்குப் போடும் அடித்தளம்.

ஆனால் அந்தப் பணம் மேம்படுத்துவது உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் ஃபைபர் முனை வரையுள்ள பாதையை. அங்கிருந்து உங்கள் படுக்கை வரை உள்ள பத்து மீட்டர் உங்கள் பொறுப்பு. சிங்கப்பூரில் "நெட் ஸ்லோ" என்று நாம் புலம்புவதில் பெரும்பகுதி அந்தப் பத்து மீட்டரில்தான் நடக்கிறது.

அதைத் தெரிந்துகொள்ள 5 நிமிடம் போதும். ஒரு லேப்டாப்பை லேன் கேபிள் மூலம் ரௌட்டரில் நேரடியாகச் செருகி வேகத்தைச் சோதித்துப் பாருங்கள். 900 எம்பிபிஎஸ் அளவில் வந்தால், 1 ஜிபிபிஎஸ் திட்டத்துக்கு நீங்கள் கொடுக்கும் காசுக்குச் சரியான பொருள் வாசலுக்கு வந்துவிட்டது. அடுத்து கைத்தொலைபேசியோடு ரௌட்டருக்குப் பக்கத்தில் நின்று ஒரு சோதனை. கடைசியாகப் பிரச்சினை இருக்கும் அறையில், கதவைச் சாத்திவிட்டு ஒரு சோதனை.

கேபிளில் 900, பக்கத்தில் 600, அறையில் 25 என்று வந்தால் குற்றவாளி இணைய நிறுவனம் இல்லை. கேபிளிலேயே 100க்குள் நின்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். தரம் குறைந்த பழைய கேபிளோ, உள்ளே ஒரு கம்பி அறுந்த கேபிளோ 100இல் முட்டி நிற்கலாம். அப்படியும் ஏறவில்லை என்றால்தான் நிறுவனத்தைக் கூப்பிட வேண்டும்.

வீட்டுக்குள்ளேயே ஒரு கோட்டை

சிங்கப்பூர் வீடுகளுக்கென்றே ஒரு தலைவலி உண்டு. நாம் "பாம் ஷெல்டர்" என்று கூப்பிட்டு, அரிசி மூட்டையும் சூட்கேஸும் அடுக்கி வைத்திருக்கும் அந்த அறைதான்.

குடிமைத் தற்காப்புப் புகலிடச் சட்டம் 1997இல் இயற்றப்பட்டது. 1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டப்பட்ட வீவக வீடுகளில் இந்த அறை இருக்கிறது. இரும்புக் கம்பிகள் பின்னிய கனமான கான்கிரீட் சுவர், எஃகுக் கதவு. வெடிப்பின் அதிர்ச்சியையும் சிதறல்களையும் தடுக்கக் கட்டிய சுவர் வைஃபையை மட்டும் விட்டுவிடுமா என்ன? அலைகளில் கொஞ்சம் உள்ளேயே உறிஞ்சப்படும், கொஞ்சம் திருப்பி அடிக்கப்படும். மறுபக்கம் வந்து சேர்வது சொற்பம்.

வீட்டு வரைபடத்தை எடுத்து, ரௌட்டர் இருக்கும் இடத்திலிருந்து உங்கள் அறைக்கு ஒரு நேர்க்கோடு போடுங்கள். கோடு அந்த அறையை வெட்டிக்கொண்டு போனால் தம்பியின் கதை உங்கள் கதை.

சில புதிய பிடிஓ வீடுகளில் இன்னும் வேடிக்கை. ஃபைபர் முனையே அந்த அறைக்குள் இருக்கும். நிறுவல் ஊழியர் பெட்டியை அங்கேயே மாட்டிவிட்டுப் போய்விடுவார். எஃகுக் கதவையும் சாத்திவிட்டால் வேறென்ன வேண்டும்! சுவரைத் துளைத்துக் கேபிள் இழுக்கலாம் என்று நினைக்காதீர்கள். அந்தச் சுவர்களை உடைக்கவோ குடைந்து வழி உண்டாக்கவோ அனுமதி இல்லை.

ஆனால் இத்தகைய புதிய வீடுகளில் ஒரு வசதியும் இருக்கும். வரவேற்பறையிலும் படுக்கையறைகளிலும் லேன் முனைகளை ஏற்கெனவே பொருத்தியிருப்பார்கள். அவற்றின் மறுநுனி ஃபைபர் முனைக்குப் பக்கத்தில் வந்து முடியும். ஃபைபர் வெளிச்சத்தை இணையமாக மாற்றும் ஓஎன்டி பெட்டியை மட்டும் உள்ளே விட்டுவிட்டு, லேன் முனை வழியாக ரௌட்டரை வரவேற்பறைக்குக் கொண்டுவந்துவிடலாம். இரண்டும் ஒரே பெட்டியாக இருந்தால், அதன் வைஃபையை அணைத்துவிட்டு வெளியே இன்னொரு வைஃபை கருவியை இணைக்கலாம். செலவு பெரிதாக இருக்காது. எனக்குத் தெரிந்த பல வீடுகளில் அந்த லேன் முனைகளுக்கு முன்னால் அலமாரியை வைத்து மறைத்திருக்கிறார்கள், அங்கே ஒன்று இருப்பதே மறந்துபோச்சு.

கான்கிரீட் மட்டுமல்ல. உலோகக் காலணி அலமாரி, ஆளுயரக் கண்ணாடி, மீன்தொட்டி எல்லாம் அலைகளைத் தடுப்பவைதான். தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒளித்து வைப்பதும் அப்படியே. அழகாக இல்லை என்று அம்மா சொல்வார். சொல்லட்டும். ரௌட்டர் திறந்த இடத்தில், நெஞ்சு உயரத்துக்கு மேல், முடிந்தவரை வீட்டின் நடுப்பக்கம் இருக்க வேண்டும். சாமி மேடைப் பக்கம் இடம் இருக்கிறதென்று பித்தளை விளக்குகளுக்குப் பின்னால் மட்டும் வைத்துவிடாதீர்கள்!

மேல்வீடு, கீழ்வீடு, பக்கத்து வீடு

வைஃபை என்பது ஒரே மைக் இருக்கும் கூட்டம் மாதிரி. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். அதே சேனலில் இருக்கும் பக்கத்து வீட்டு ரௌட்டரும் அந்த வரிசையில் நிற்கிறது.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை தூரம் போகும், சுவரை ஓரளவு தாண்டும். ஆனால் ஒன்றோடொன்று மோதாமல் அதில் பயன்படுத்தக்கூடியவை 1, 6, 11 ஆகிய மூன்றே சேனல்கள். ஒரு புளோக்கில் நூறு வீடுகள் அந்த மூன்றைப் பங்குபோடுகின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் இயங்குகிறது. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் அதிகம், வேகமும் அதிகம். ஆனால் சுவரைக் கண்டால் சீக்கிரம் சோர்ந்துவிடும்.

வேறொன்றும் நடக்கும். நீங்கள் வரவேற்பறையிலிருந்து அறைக்குள் நடக்கும்போது, தொலைபேசி சத்தமில்லாமல் 5இலிருந்து 2.4க்கு மாறிவிடலாம். திரையில் அதே வைஃபை பெயர், கோடுகளும் நிறைய. ஃபுல் பார் காட்டுது, ஆனா லோடு ஆக மாட்டேங்குது. கோடுகள் காட்டுவது சிக்னலின் பலத்தை மட்டும். வரிசையில் உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று அது சொல்லாது.

புதிதாக 6 கிகாஹெர்ட்ஸ் வந்திருக்கிறது. சிங்கப்பூர் 2023இல் அதன் கீழ்ப்பகுதியில் 500 மெகாஹெர்ட்ஸ் அளவை வைஃபைக்குத் திறந்துவிட்டது. கூட்டமே இல்லாத புதுச் சாலை அது. விளம்பரங்களில் வரும் வைஃபை 7இன் உச்ச வேகத்துக்கு 320 மெகாஹெர்ட்ஸ் அகலமான சேனல் தேவை. 500இல் அப்படிப்பட்டது ஒன்றுதான் அடங்கும். அமெரிக்காவில் 1,200 மெகாஹெர்ட்ஸ் திறந்திருப்பதால் மூன்று அடங்கும். அதனால் அமெரிக்க யூடியூபர் ஒருவர் தன் தனிவீட்டில் காட்டும் எண்களைப் பார்த்துவிட்டு செங்காங் 14ஆம் மாடியில் அதை எதிர்பார்க்க வேண்டாம். தவிர, மூன்றில் சுவரைத் தாண்டுவதில் ஆகப் பலவீனமானதும் இந்த 6தான்.

உங்கள் தொலைபேசியால் எவ்வளவு வாங்க முடியும்?

10 ஜிபிபிஎஸ் திட்டத்தை எடுத்தவர்கள் ஏமாற்றம் அடைவது இங்கேதான்.

வைஃபை 6 வசதியுள்ள கைத்தொலைபேசி ஒன்று வழக்கமான 80 மெகாஹெர்ட்ஸ் சேனலில் ஏட்டளவில் எட்டக்கூடிய உச்சம் சுமார் 1,200 எம்பிபிஎஸ். உண்மையில் பக்கத்திலேயே நின்றாலும் 600 முதல் 800 கிடைத்தால் நல்லது. லேப்டாப்களில் இன்னும் பெரும்பாலும் 1 ஜிபிபிஎஸ் லேன் முனைதான், பல மெல்லிய லேப்டாப்களில் அதுவும் இல்லை. குழாய் எவ்வளவு பெரிதானாலும் கையில் இருக்கும் குவளை அதேதான்.

அப்படியானால் 10 ஜிபிபிஎஸ் யாருக்கு? தினமும் பெரிய வீடியோ கோப்புகளைப் பதிவேற்றுபவர்கள், வீட்டில் சொந்தமாகச் சேமிப்பு சர்வர் வைத்திருப்பவர்கள், வீடு முழுக்க வேகமான கேபிள் போட்டவர்கள். அவர்களுக்குப் பயன் உண்டு. ஒப்பந்தம் முடியும்போது பழைய விலைக்கே கிடைத்தால் மற்றவர்களும் எடுத்துக்கொள்ளலாம், நஷ்டம் இல்லை. கூடுதலாக மாதம் 10, 20 வெள்ளி கேட்டால்தான் யோசிக்க வேண்டும். மாதம் 15 வெள்ளி என்றால் 24 மாதத்தில் 360 வெள்ளி. அந்தக் காசை வீட்டுக்குள் செலவழித்தால் தம்பியின் பிரச்சினை தீரும் என்பது என் கருத்து.

ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதையும் பாருங்கள். முன்பு 2 ஜிபிபிஎஸ் என்று விற்கப்பட்ட சில திட்டங்கள் உண்மையில் இரண்டு 1 ஜிபிபிஎஸ் இணைப்புகளின் கூட்டல். எந்த ஒரு கருவிக்கும் ஒன்றுக்கு மேல் கிடைக்காது. விற்பனையாளரிடம் "ஒரே கேபிள்ல ஒரே கருவிக்கு எவ்வளவு வரும்?" என்று கேட்டுவிடுங்கள்.

கடைசி அறைக்கு எப்படிக் கொண்டுபோவது?

முதலில் காசில்லாத வேலை: ரௌட்டரை நகர்த்திப் பாருங்கள். நீளமான லேன் கேபிளோ, அந்தப் பெட்டிக்கேற்ற நீளமான ஃபைபர் கேபிளோ பத்து, இருபது வெள்ளிக்குள் கிடைக்கும்.

அது போதாவிட்டால் மெஷ். ஒன்றோடொன்று பேசும் இரண்டு, மூன்று பெட்டிகள். சுமார் 90 சதுர மீட்டர் உள்ள நான்கறை வீட்டுக்கு இரண்டு போதும். மூன்று பெட்டித் தொகுப்பு தள்ளுபடியில் கிடைத்தாலும் சும்மா இருங்கள், அதிகமானால் அவையே ஒன்றுக்கொன்று இடைஞ்சல்.

பலரும் செய்யும் தவறு, இரண்டாவது பெட்டியைச் சிக்னல் இல்லாத அறைக்குள்ளேயே வைப்பது. அதற்கே சிக்னல் கிடைக்காதபோது அது உங்களுக்கு எதைக் கொடுக்கும்? பாதி வழியில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். காற்று வழியாகவே இரண்டு பெட்டிகளும் பேசிக்கொண்டால் வேகம் ஏறக்குறையப் பாதியாகக் குறையலாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு லேன் கேபிள் போட்டுவிட்டால் அந்தக் கவலையே இல்லை.

லேன் முனை இல்லாத பழைய வீடுகளில்? சுவர் ஓரமாகத் தட்டையான கேபிளை ஒட்டிக்கொண்டு போகலாம், பார்க்கக் கொஞ்சம் சுமார்தான். சில வீடுகளில் பழைய கேபிள் டிவி முனைகள் சும்மா கிடக்கின்றன. ஸ்டார்ஹப் தன் கேபிள் சேவையை 2019இல் நிறுத்திவிட்டது. அறைக்கு அறை அந்தக் கம்பி ஓடினால், மோக்கா என்ற மாற்றிகளைப் பொருத்தி அதிலேயே இணையத்தை அனுப்பலாம். எல்லா வீட்டிலும் கம்பிகள் ஒரே மாதிரி பிரிவதில்லை, எனவே திருப்பித் தரக்கூடிய கடையில் வாங்குங்கள். மின்கம்பி வழியே அனுப்பும் கருவிகளும் உண்டு. வேகம் வீட்டுக்கு வீடு மாறும், ஆனால் வீடியோ அழைப்புக்குப் பெரும்பாலும் போதும்.

வாடகை அறையில் இருப்பவர்களுக்கு இதில் பாதி செய்ய முடியாது. வீட்டுக்காரரின் ரௌட்டரைத் தொட முடியாது, கேபிள் ஒட்ட முடியாது. அவர்கள் வாடகை ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே அந்த அறைக்குள் நின்று, கதவைச் சாத்தி, ஒரு வேகச் சோதனை செய்துவிட வேண்டும். குளிரூட்டியைப் போட்டுப் பார்க்கிறோம், குழாயைத் திறந்து பார்க்கிறோம். இதற்கு ஆகப்போவது அரை நிமிடம். இரவு 9 மணிக்குப் போய்ப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது, அக்கம்பக்கத்தில் எல்லாரும் வீட்டில் இருக்கும் நேரம் அது.