மலையில் மூன்றாம் நபர் யார்?

காரவள்ளியில் சமவெளியை விட்டு மேலேறத் தொடங்கியது முதல், எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு கொல்லிமலைக்குப் போகும் பிரயாணி, வல்வில் ஓரியையும் அறப்பளீஸ்வரரையும் ஆகாய கங்கையையும் நினைப்பதே இயல்பு. ஆயினும் சென்ற ஆடிப் பதினெட்டன்று நண்பர் ஒருவரின் காரில் ஏறிய நான் வழி நெடுக நினைத்துக்கொண்டிருந்தது இன்சூரன்ஸைப் பற்றி என்பதைச் சற்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். பள்ளத்தைப் பார்த்துத் தலைசுற்றாமல் இருக்கும்பொருட்டு, முன்பெட்டியில் செருகியிருந்த பாலிசிக் காகிதத்தை எடுத்துப் படித்தேன். வளைவுப் பாதையில் படித்தால் தலை இன்னும் அதிகமாகச் சுற்றும் என்பது பிறகுதான் தெரிந்தது.

அது 'தேர்டு பார்ட்டி' மட்டும் உள்ள பாலிசி. பாலிசி எடுத்தவர் முதல் நபர், பணம் வாங்கிக்கொண்ட கம்பெனி இரண்டாம் நபர், இவ்விருவரும் அல்லாத பிறர் மூன்றாம் நபர். நம் வண்டியால் அந்தப் பிறருக்கு நேரும் உயிர்ச்சேதத்துக்கும் காயத்துக்கும் நாம் கொடுக்கவேண்டிய நஷ்டஈட்டை நமக்காகக் கம்பெனி கொடுப்பதே இதன் சாரம். இதுவேனும் இல்லாமல் பொதுச்சாலையில் வண்டி ஓட்டலாகாது என்பது சட்டத்தின் நிர்ப்பந்தம். கோவை எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின் பயனாக, 2018 செப்டம்பர் முதல் புதிய கார்களுக்கு 3 ஆண்டுக்கும் இருசக்கர வாகனங்களுக்கு 5 ஆண்டுக்கும் இதனை ஒருசேர எடுக்கவேண்டியதாயிற்று.

நாமக்கல் நெடுஞ்சாலைக்கு இது போதும். அங்கே லாரியும் பேருந்தும் நடந்து செல்பவரும் எதிரே வந்துகொண்டேயிருப்பதால் மூன்றாம் நபருக்குப் பஞ்சமில்லை. மலைப்பாதையின் அபாயமோ வேறு விதமானது: பிரேக் பிடிக்காமல் போய், அல்லது மழைக்கால மூடுபனியில் விளிம்பு தெரியாமல் போய், ஒற்றை வண்டி தானாகவே பள்ளத்தில் உருளும்போது, எதிர் வண்டியும் இல்லை, எதிராளியும் இல்லை. மூன்றாம் நபர் என்று சுட்ட அங்கே மரங்களைத் தவிர யாருமில்லை; விழுந்து கிடப்பவர் முதல் நபர்.

'யார் மேல் தப்பு?' என்று கேளாமலே கொடுக்கும் கருணை நம் சட்டத்தில் உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஓட்டுநரின் அஜாக்கிரதையை நிரூபித்தாலொழிய ஒரு காசும் பெயராது என்றிருந்த பழைய நிலையை மாற்றி, 1982-ல் முதன்முறையாக, இறந்தவர் குடும்பத்துக்கு 15,000 ரூபாயும் நிரந்தர ஊனமுற்றவருக்கு 7,500 ரூபாயும் தவறு பாராமல் கொடுக்க வழி செய்தார்கள். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அத்தொகையை 25,000 என்றும் 12,000 என்றும் ஆக்கிற்று. 1994-ல் அது 50,000 என்றும் 25,000 என்றும் உயர்ந்தது. இன்று நடைமுறையிலிருப்பது 2022 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த 164-ம் பிரிவு: மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம். ஆனால் கம்பெனியின் நடைமுறை வழியாக இதனை ஏற்றுக்கொண்டவருக்கு, கூடுதல் நஷ்டஈடு கேட்டுத் தீர்ப்பாயத்தில் போட்ட மனு காலாவதியாகிவிடும் என்பதால், அவசரத்தில் கையெழுத்திடுவதற்கு முன் இரண்டையும் எடைபோடுவது அவசியம். டொராண்டோவில் உள்ள நம் உறவினர்களுக்கு இந்தக் கேள்வியே வேறு உருவில் வரும். ஒண்டாரியோ மாகாணத்தில், தவறு யாருடையதாயினும், காயமுற்றவர் சிகிச்சைச் செலவைத் தம் சொந்தக் கம்பெனியிடமே முதலில் கேட்கிறார்.

நமது கருணைக்கோ ஓர் எல்லை உண்டு. கொடுக்கவேண்டியவர் வண்டியின் உரிமையாளர் அல்லது அவருடைய கம்பெனி. ஆகையால் உரிமையாளரே விழுந்தால், தமக்குத் தாமே கொடுக்க முடியாது. பிறருடைய பைக்கைக் கேட்டு வாங்கிப் போனவரும் அந்நேரத்துக்கு உரிமையாளரின் ஸ்தானத்தில் நிற்பவரே என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லி, பாலிசியில் இருந்த சொந்த விபத்துக் காப்பான ஒரு லட்சத்தை மட்டும் அக்குடும்பத்துக்குக் கொடுக்கச் செய்தது. பைக்கின் பின்னால் அமர்ந்திருப்பவரும் வெறும் தேர்டு பார்ட்டி பாலிசிக்குள் வரமாட்டார் என்பது 2006-ம் ஆண்டுத் தீர்ப்பு. அவரும் காரில் உடன் வருவோரும் 'ஃபுல் இன்சூரன்ஸ்' என்று நாம் சொல்லும் பாலிசியில் அடங்குவர் என்று ஒழுங்குமுறை ஆணையம் 2009-ல் தெளிவுபடுத்தியது. உரிமையாளரே வண்டியை ஓட்டும்போது அவருக்கென்று இருப்பது 15 லட்ச ரூபாய்க்கான தனிநபர் விபத்துக் காப்பு ஒன்றே.

பதினெட்டாம் பெருக்குக் கூட்டத்தில், எங்களுக்கு முன்னால் ஒரு பிக்கப் வேன் ஏறிக்கொண்டிருந்தது. பின்தட்டில் பெண்கள் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு நின்றார்கள். ஒரு கிழவர் பலாப்பழ மூட்டையின் மேல் பேரனை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். சோளக்காட்டுத் தேநீர்க் கடையில் அதன் ஓட்டுநரிடம், "தம்பி, இன்சூரன்ஸ் இருக்கிறதா?" என்றேன். "அதெல்லாம் கரெக்டா இருக்குதுங்க ஐயா, போலீஸ்காரர் கேட்டா காட்டிடுவேன்" என்றார். தேதி சரியாகத்தான் இருக்கும். ஆனால் சரக்கு வண்டியில் சும்மா ஏறிய பிரயாணிக்குக் கம்பெனி பொறுப்பல்ல என்று 2002-லேயே தீர்ப்பாகி, இன்றைய 147-ம் பிரிவிலும் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது. பலா மூட்டைக்குச் சொந்தக்காரராக இருந்தால் கிழவருக்குக் காப்புக் கேட்க இடமேனும் உண்டு, பேரனுக்கு அதுவும் இல்லை! சில வழக்குகளில் கம்பெனியை முதலில் கொடுக்கச் சொல்லிப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள நீதிமன்றங்கள் இடமளித்ததுண்டு எனினும், அதைச் சட்டத்தின் உறுதி என்று சொல்ல முடியாது.

இந்த விலக்கில் எனக்குச் சம்மதமில்லை. வளப்பூர் நாட்டிலும் வாழவந்தி நாட்டிலும் உள்ளடங்கிய ஊர்களின் ஜனங்கள் பிக்கப்பில் ஏறுவது, அவர்கள் நேரத்துக்குப் பேருந்து வராததால். பேருந்து விடாத அரசாங்கம் தப்பித்துக்கொள்ள, தண்டனை மட்டும் விதவையின் தலையில் விழுகிறது. தவறு பாராத சட்டம் என்று பெயர் வைத்தபின், ஏறியது எந்த வண்டி என்று பார்ப்பது எந்த நியாயம்? இந்த விலக்கு நீங்கும் வரை, யார் யார் இதில் அடங்கமாட்டார்கள் என்பதைப் பாலிசியின் முதல் பக்கத்தில் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிடும்படி கம்பெனிகளைக் கட்டாயப்படுத்துவதாவது செய்யத்தக்கது.

நண்பரின் காகிதத்தில் தனிநபர் விபத்துக் காப்பு என்ற கட்டத்தில் பூஜ்யம் இருந்தது. கேட்டபோது, "வேறே பாலிசி இருக்குன்னு போட்டுட்டா கொஞ்சம் குறையும்னு கடைப் பையன் சொன்னான், சரின்னுட்டேன்" என்றார். செம்மேட்டில் வண்டியை நிறுத்தி அந்தக் கட்டத்தைத் தாமே ஒருமுறை பார்த்தார். பிறகு காகிதத்தை மடித்து எடுத்த இடத்திலேயே வைத்தார். இறங்கும்போது அறுபதாம் வளைவு வரையில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.