வயதின் மேல் பழி போடாதீர்கள்

"வயசு போனா பல்லு ஆடத்தானே செய்யும்." லயத்திலும் இதுதான் பேச்சு, தோட்ட மருந்துக் காம்பராவிலும் இதுதான் பதில். ரொட்டியைத் தேத்தண்ணியில் நனைத்து விழுங்கும் நம் அம்மாக்களும் அதையே நம்பிவிட்டார்கள். தோழர்களே, இது பொய்.

பல்லின் அடியில் படியும் அழுக்கு காறையாக இறுகுகிறது. ஈறு வீங்கி இரத்தம் கசிகிறது. பிறகு பல்லைத் தாங்கும் தாடை எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. பெரும்பாலும் வலி இருக்காது. பல் ஆடும்போதுதான் தெரியவரும். கரைந்த எலும்பு தானாக வளராது. ஆனால் நேரத்தோடு காறையை எடுத்துச் சுத்தம் செய்தால் கரைவதை நிறுத்தலாம்.

வயது காரணமல்ல என்பதற்குச் சாட்சி நம்மவர்களின் வாய்தான். 1970இல் மலையகத் தேயிலைத் தோட்டங்களின் ஆண் தொழிலாளர்கள் 480 பேரை வெளிநாட்டு ஆய்வாளர்கள் பரிசோதிக்கத் தொடங்கினார்கள். 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். ஏன் நம்மவர்கள்? பல் வைத்தியம் என்பதே எட்டாத மக்கள் என்பதால். நோர்வேயின் ஒஸ்லோவில், சிறுவயது முதல் பல் வைத்தியம் கிடைத்தவர்களையும் அதேபோல் பார்த்தார்கள். 40 வயதை நெருங்கும்போது, பல்லைப் பிடித்திருக்கும் இழை அங்கே சராசரியாக ஒன்றரை மில்லிமீற்றர் அழிந்திருந்தது. இங்கே நாலரை. வயது ஒன்றுதான், இழப்பு மூன்று மடங்கு! 1986இல் வெளியான முடிவின்படி, நம்மவர்களில் 8 வீதத்தினருக்கு நோய் வேகமாக முற்றியது. 45 வயதில் அவர்கள் வாயில் பல்லே இல்லை. 81 வீதத்தினருக்கு நிதானமாக முற்றியது. 11 வீதத்தினருக்கு முற்றவே இல்லை.

பல் வைத்தியப் பாடநூல்களில் இந்த ஆய்வு இருக்கிறது. பாடம் உலகத்துக்குப் போனது, தேயிலையைப் போலவே. தோட்டத்துக்கு வந்தது என்ன?

"வெற்றிலை போட்டால் அப்படித்தான்" என்பார்கள். புகையிலை ஈறைக் கெடுக்கிறது, பாக்கு புற்றுநோய் தருகிறது. இதை மறைக்க வேண்டியதில்லை. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். ஆகவே பாக்கையும் புகையிலையையும் விடுங்கள். ஆனால் பசியையும் குளிரையும் அடக்க மலையில் வெற்றிலை மென்றவரைக் குற்றவாளியாக்கிவிட்டு நிர்வாகம் கை கழுவ முடியாது. அரச ஆஸ்பத்திரியில் பல் வைத்தியம் இலவசம்தான். பஸ் காசும் அன்றைய பேரும் யார் தருவது? அரைப்பேருக்குப் பயந்து பல்வலியோடு கொழுந்து பறிப்பவர்கள் எத்தனை பேர்!

நம் கோரிக்கைகள் இவை:

1. நடமாடும் பல் சிகிச்சைப் பிரிவு ஒவ்வொரு தோட்டத்துக்கும் தவறாமல் வர வேண்டும்.
2. சிகிச்சைக்குப் போகும் நாளுக்கு முழுப்பேர் போட வேண்டும்.
3. வேலையை விட்டு நின்ற முதியவர்களுக்கும் சிகிச்சை, இலவசப் பல்செட்டு.

கோரிக்கை வெல்லும் வரை காத்திருக்கவும் வேண்டாம். காலையும் இரவும் பிரஷ்ஷால் துலக்குங்கள். சாம்பலும் கரியும் வேண்டாம். சீனி வருத்தக்காரர்களுக்கு ஈறு சீக்கிரம் கெடும், கவனம். வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வாய் திறக்கச் சிரமம், திடீரென ஆடும் ஒற்றைப் பல் இருந்தால் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள்.

அடுத்த மாதாந்தக் கூட்டத்துக்கு முன், ஒவ்வொரு தலைவரும் தலைவியும் தங்கள் லயத்தில் பல் ஆடுபவர்களின் பெயரை எழுதி வாருங்கள். அந்தப் பட்டியலோடுதான் துரையின் ஒபீசுக்குப் போகப் போகிறோம்.