உள்ளூரார் அமரும் மேசை

புதிய ஊருக்குச் செல்வோர் புறப்படுமுன்னரே ஒரு பட்டியலைத் தேடிக்கொள்கின்றனர். எங்கே உண்பது, எதைக் காண்பது, மாலையில் எங்கே இசை கேட்பது என்று பத்து இடங்களை அது வரிசைப்படுத்தித் தருகிறது. இத்தகைய பட்டியல்களில் நமக்கு ஒரு மனக்குறை உண்டு. இடத்தின் பெயரைச் சொல்லும் அவை, அங்கே அடுத்த மேசையில் அமர்ந்திருப்பவர் யார் என்பதைச் சொல்வதில்லை. ஓர் உணவகத்துக்குக் கடன் வழங்குமுன் அதன் விற்பனைத் தொகையை மட்டும் பார்த்து நாம் நிறைவடைவதில்லை. திரும்பத் திரும்ப வருவோர் எத்தனை பேர் என்றும் கேட்கிறோம். வழிப்போக்கரை மட்டும் நம்பிய வணிகம் ஒரு பருவம் பொய்த்தாலே தள்ளாடும். ஊர் காணச் செல்பவரும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது நம் கருத்து. பணிமாற்றத்தின் பொருட்டுச் சில ஆண்டுகள் வாழ்ந்த கொல்கத்தாவே இவ்வாறு எண்ணவைத்தது.

அந்நகரின் பார்க் ஸ்ட்ரீட்டை எடுத்துக்கொள்வோம். மொகாம்போ, ட்ரிங்காஸ், ப்ளூ ஃபாக்ஸ், ஸ்கை ரூம் என்று அடுத்தடுத்து விளங்கிய உணவகங்களால் அவ்வீதி நாடறிந்த பெயர் பெற்றது. மாலையானால் மேடையில் ஜாஸ் இசை. மேடைக்கு எதிரே குடும்பத்தோடு இரவு உணவு. லூயிஸ் பேங்க்ஸ் போன்ற இசைஞர்கள் ப்ளூ ஃபாக்ஸில் வாசித்தே பெயர் பெற்றனர். பின்னர்க் கேளிக்கை வரி கூடியது. மின்வெட்டும் தொழிற்சங்கப் போராட்டங்களும் நகரை வாட்டின. வசதி படைத்தோர் பலர் வேறு ஊர்களுக்குப் பெயர்ந்தனர். மாலைதோறும் வந்தமர்ந்தோர் குறைந்ததும் இசைக்குழுக்களும் குறைந்தன. ஸ்கை ரூம் 1993இல் மூடப்பட்டது. ப்ளூ ஃபாக்ஸும் இன்று இல்லை.

ட்ரிங்காஸ் மட்டும் மேடையைக் கைவிடவில்லை. இங்கே நம் வாசகர்க்கு ஒரு செய்தி. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த உஷா உதூப், பட்டுப்புடவையும் பெரிய பொட்டுமாக மேலைநாட்டுப் பாடல்களை முதன்முதலில் மேடையில் பாடியது சென்னை அண்ணா சாலையில், சஃபையர் திரையரங்க வளாகத்திலிருந்த நைன் ஜெம்ஸ் என்னும் இரவு விடுதியில். அதன்பின் 1969இல் அவர் ட்ரிங்காஸ் மேடையேறினார். சஃபையர் வளாகம் மறைந்தது. நைன் ஜெம்ஸ் இருந்த சுவடே இன்று சென்னையில் இல்லை. ட்ரிங்காஸிலோ இன்றும் பாட்டு ஒலிக்கிறது. இதற்குச் சுற்றுலாப் பயணிகளே காரணம் என்று எவரேனும் சொன்னால் நாம் ஒப்பமாட்டோம். பிறந்தநாளுக்கும் மணநாளுக்கும் அங்கேயே வந்து, பாடகரிடம் பழைய பாட்டைக் கேட்டு வாங்கும் உள்ளூர்க் குடும்பங்களே காரணம். அங்கே மது வழங்கப்படுகிறது. ஆயினும் நம் ஊர் மதுக்கூடங்களை நினைந்து குடும்பத்தோடு செல்ல எவரும் தயங்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்வோம்: ஒரு குளிர்பானத்தை வாங்கிப் படமெடுத்துக்கொண்டு எழுந்துவிடாதீர்கள். பாடுபவரின் ஊதியம் உங்கள் உணவுக் கணக்கிலிருந்துதான் வர வேண்டும்.

அதே வீதியில் 1927 முதல் நடந்துவரும் ஃப்ளூரிஸில் காலையுணவும், பீட்டர் கேட்டில் செலோ கபாபும் எல்லாப் பட்டியல்களிலும் உள்ளவை. சுவையில் குறையில்லை, வரிசைதான் நீளம். எஸ்பிளனேடு அருகே சோட்டா பிரிஸ்டல் என்று அழைக்கப்படும் பழைய மதுக்கூடம் வேறு வகை. எழுத்தரும் வணிகரும் அறிமுகமின்றியே ஒரே மேசையைப் பகிர்ந்துகொள்வர். கோப்பை வந்ததும் காசைக் கொடுத்துவிட வேண்டும். கணக்கில் எழுதும் வழக்கமில்லை. வாராக்கடன் என்னும் சொல்லையே அறியாத அந்நிறுவனத்தின்மீது வங்கிப் பணியாளராகிய நமக்குச் சற்றுப் பொறாமைகூட உண்டு.

கல்லூரி வீதியின் இந்தியன் காபி ஹவுஸைத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கமே நடத்துகிறது. தலைப்பாகை அணிந்த பரிமாறுவோர் அவசரப்படுத்துவதில்லை. பால் சேராத காபிக்கு அங்கே 'இன்ஃப்யூஷன்' என்று பெயர். ஒரு கோப்பையோடு இரண்டு மணிநேரம் வாதிடும் மாணவரைப் பார்த்தால், மேசைக்கு இவ்வளவு வருவாய் என்று கணக்கிடும் வணிகவியல் பட்டதாரிக்கு நெஞ்சு பதறும். ஆயினும் அம்மாணவரே நாளையும் வருவார். அவருக்கு முன் அவர் தந்தையும் வந்திருக்கக்கூடும்.

காட்சிகளுக்கும் இதே விதிதான். விக்டோரியா நினைவகத்தை ஒருமுறை பாருங்கள்; போதும். ஹௌரா பாலத்தைக் காண நாம் பரிந்துரைப்பது உல்லாசப் படகையன்று. ஹௌரா நிலையத்திலிருந்து அலுவலகம் செல்வோர் ஏறும் பயணிப் படகை. சில ரூபாய்ச் சீட்டில், உணவுப் பெட்டிகளோடு நிற்கும் கூட்டத்தின் நடுவே, 1943இல் திறக்கப்பட்ட அவ்விரும்புப் பாலம் கண்முன் விரியும். பாலத்தடியில் மல்லிக் காட் பூச்சந்தை. விடியற்காலையில் செவ்வந்தி மூட்டைகளுக்கு வழிவிட்டு நிற்கத் தெரிந்திருந்தால் போதும்.

டிராம் வண்டியின் கதை நம்மை வருத்துகிறது. 1873இல் குதிரைகள் இழுத்துத் தொடங்கிய அச்சேவை, 1902இல் மின்சாரத்துக்கு மாறி, நகரின் அன்றாடப் போக்குவரத்தாக விளங்கியது. 2024இல் மாநில அரசு, மைதானத்துக்கும் எஸ்பிளனேடுக்கும் இடையிலான தடத்தை மட்டும் பாரம்பரியச் சின்னமாக வைத்துக்கொண்டு ஏனையவற்றை நிறுத்தும் எண்ணத்தை வெளியிட்டது. பயணிகளுக்காக ஒரு தடம் மிஞ்சுகிறதே என்று மகிழ்வோர் உளர். நமக்கு அது மகிழ்ச்சியாகப் படவில்லை. வேலைக்குச் செல்பவர் ஏறாத டிராம், கண்காட்சியில் சுற்றும் பொம்மை ரயிலுக்கு நெருங்கிய உறவு. வருவோர் குறைந்த முதல் ஆண்டிலேயே அதன் செலவைப் பற்றிய கேள்வி எழும். அன்று அதற்காகப் பேச உள்ளூர்ப் பயணி ஒருவரும் இருக்கமாட்டார்.

செல்வதற்கு மாதம் கேட்போர்க்கு ஜனவரி என்போம். டோவர் லேன் இசை மாநாடு அப்போதுதான் நிகழும். 1952 முதல் நடைபெறும் இவ்விழாவில் இந்துஸ்தானி இசை இரவு முழுதும் தொடரும். பகல் கச்சேரிகளில் கேட்க வாய்ப்பற்ற பின்னிரவு ராகங்களை அவற்றுக்குரிய பொழுதிலேயே கேட்கலாம். அரங்கு நிறைய நகரத்தாரே. சால்வை போர்த்திய முதியோர், நள்ளிரவில் தேநீருக்கு எழுந்து அடுத்த கலைஞர் வருமுன் இருக்கைக்கு விரைவர். நீங்களும் ஒரு சால்வை கொண்டுசெல்லுங்கள். விடிந்தபின் இட்லிக்கு மனம் ஏங்கினால் லேக் மார்க்கெட் தொலைவில் இல்லை. தலைமுறைகளாகத் தமிழர் வாழும் அப்பகுதியின் தென்னிந்திய உணவகங்களில், இப்போது பெரும்பாலான மேசைகளில் வங்காளிகளே அமர்ந்திருக்கின்றனர்.