திருநம்பியின் தோள்மூட்டும் மருத்துவத்தின் நடுநிலையும்

மருத்துவம் உடலை மட்டுமே பார்க்கிறது, பாலினத்தைப் பார்ப்பதில்லை என்பது மருத்துவக் கல்விப்புலம் தன்னைப் பற்றி விரும்பிச் சொல்லிக்கொள்ளும் வாக்கியம். அதைச் சோதித்துப் பார்க்கப் பால்மாற்று அறுவை சிகிச்சையையோ இயக்குநீர்ச் சிகிச்சையையோ எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. திருநம்பி ஒருவரின், அடிக்கடி விலகும் தோள்மூட்டு போதும்.

உடலின் பெரிய மூட்டுகளுள் மிக எளிதாக விலகுவது தோள்மூட்டு. பந்து பெரிது, குழியோ ஆழமற்றது. இளம் வயதில் ஒருமுறை முன்புறமாக விலகினால், குழியின் விளிம்பைச் சுற்றியுள்ள குருத்தெலும்பு வளையம் பெரும்பாலும் கிழிந்துவிடுகிறது. இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் பேங்கார்ட் 1923இல் இதை விளக்கினார். அக்கிழிசல் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அதன்பின் மூட்டு மீண்டும் மீண்டும் விலகுகிறது. எந்த நிலையில் விலகும் என்பதும் எம்.பி.பி.எஸ். மாணவர் அறிந்ததே: கை பக்கவாட்டில் உயர்ந்து, வெளிப்புறமாகத் திரும்பும் நிலை.

மார்பு அறுவை சிகிச்சை செய்துகொள்ளாத திருநம்பிகள் பலர் நாள்தோறும் பைண்டர் அணிகின்றனர். மார்பை இறுக்கித் தட்டையாக்கும் உள்ளாடை அது. வியர்வையில் ஒட்டிக்கொண்ட அத்துணியைத் தலைவழியாகக் கழற்ற, கைகளை உயர்த்தி, முழங்கைகளை விரித்துப் போராட வேண்டும். பாடநூல் எச்சரிக்கும் நிலைக்கு மிக அருகில், காயம்பட்ட தோள் ஒவ்வோர் இரவும் கொண்டுசெல்லப்படுகிறது. முன்பக்கம் ஜிப்போ கொக்கியோ வைத்த பைண்டருக்கு மாறினால் இந்த ஆபத்து பெரிதும் குறையும். அறுவை சிகிச்சையோடு ஒப்பிட்டால் இது ஒரு செலவே அன்று.

ஆனால் அந்த அறிவுரையைச் சொல்ல ஒரு கேள்வி கேட்கப்பட்டிருக்க வேண்டும்: எதைக் கழற்றும்போது விலகியது? பெரும்பாலும் அது கேட்கப்படுவதில்லை. கேட்கப்படுபவை வேறு. அறுவை சிகிச்சை முடிந்துவிட்டதா, எவையெல்லாம் அகற்றப்பட்டன, வீட்டுக்குத் தெரியுமா, திருமணம் என்ன ஆகும்? ஆங்கிலம் பேசும் நாடுகளின் திருநர் இதற்கு ‘திருநர் கைமுறிவு நோய்’ என்று கேலியாகப் பெயரிட்டுள்ளனர்: கை முறிந்து வந்தாலும் காரணம் பாலினத்திலேயே தேடப்படும். இந்தக் கேள்விகளுக்கு அஞ்சுபவர் பைண்டரை மறைக்கிறார். அல்லது மருத்துவமனைக்கே செல்லாமல், விலகிய மூட்டைத் தாமே உள்ளே தள்ளப் பழகிக்கொள்கிறார். ஒவ்வொரு விலகலிலும் குழியின் விளிம்பெலும்பு தேயக்கூடும். தேய்மானம் மிகுந்தால் கிழிசலைத் தைப்பது போதாது. வேறிடத்து எலும்பை எடுத்துப் பொருத்த வேண்டிவரும். கூச்சம் என்று அலட்சியமாகக் குறிப்பிடப்படுவதன் விலை இது.

‘எல்லோரையும் ஒன்றாகவே நடத்துகிறோம்’ என்ற மறுமொழி உடனே வரும். வேகப்பந்து வீச்சாளரிடம் பந்துவீசும் முறையைக் கேட்பதால் எலும்பியலின் நடுநிலை கெடுவதில்லை. சுமைதூக்குபவரிடம் சுமையைப் பற்றிக் கேட்பதாலும் கெடுவதில்லை. திருநம்பியிடம் பைண்டரைப் பற்றிக் கேட்டால் மட்டும் கெட்டுவிடுமா? தோளுக்குத் தேவையற்றதை எல்லாம் கேட்டுவிட்டு, தேவையானதைக் கேட்காமல் விடுவதற்கு நடுநிலை என்பது பெயரன்று.

சட்டமும் இப்பார்வையிலிருந்து வெகுதூரம் விலகிவிடவில்லை. தம் பாலினத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014இல், நால்சா வழக்கில் ஏற்றது. 2019ஆம் ஆண்டுச் சட்டமோ, ‘ஆண்’ எனச் சான்றிதழ் பெற அறுவை சிகிச்சைக்கான மருத்துவச் சான்றைக் கேட்டது. விலகிய தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பவரின் அட்டையில் ஒன்று, முகத்தில் ஒன்று. எந்த வார்டு என்ற விவாதம் முடியும்வரை மூட்டு காத்திருக்கிறது. அதே சட்டத்தின் 15ஆம் பிரிவு நலவாழ்வுக் கடமைகளை அடுக்கும்போது எச்.ஐ.வி. கண்காணிப்பு மையங்களிலிருந்து தொடங்குகிறது; பின் அறுவை சிகிச்சை, இயக்குநீர், ஆலோசனை. திருநருக்கும் முழங்கால் உண்டு, முதுகு உண்டு என்ற நினைவு அந்த வரிசையில் தென்படவில்லை. ஆய்வுலகின் பெரும்பகுதியும் அதே வரிசையில்தான் நடக்கிறது (நிதியும் அங்கேதான் கிடைக்கிறது என்பது வேறு கதை).

பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்ய வேண்டும் என்றும் அதே 15ஆம் பிரிவு கூறுகிறது. மருத்துவக் கல்லூரிகள் அதைத் தோள்மூட்டிலிருந்தே தொடங்கலாம். நோயாளி வரலாற்றுப் படிவத்தில் தொழில், விளையாட்டு ஆகியவற்றுக்கு அடுத்து, இறுக்கமான உடையைத் தலைவழியாகக் கழற்றுவதுண்டா என்று ஒரு வரி சேர்க்க, எந்தத் தீர்ப்புக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.