மீன் செத்தால் மருந்துதான் காரணமா?

முடிச்சூர் பக்கம் அடையாற்றில் தண்ணீர் கறுத்து நாறுகிறது. சாயங்காலம் துள்ளிய மீன், விடிந்தால் செத்து மிதக்கிறது. யாரும் மருந்து கலக்கவில்லை, பிறகு ஏன்? அந்தத் தண்ணீரைக் கீரைக்குப் பாய்ச்சலாமா? இப்படிக் கேட்டிருக்கிறார் பெருங்களத்தூர் வாசகர் ஒருவர்.

விஷம் இல்லாமலும் மீன் சாகும், மூச்சு முட்டி. ஜீவாமிர்தத்தைக் காலை, மாலை கலக்கிவிட மறந்தால் என்ன ஆகும்? அதேதான் ஆற்றிலும் நடக்கிறது. சாக்கடையில் வரும் மலம், சோறு கழுவிய நீர், சோப்பு எல்லாம் பாக்டீரியாவுக்குத் தீனி. தின்னும்போது அவை நீரில் கரைந்த ஆக்சிஜனை இழுத்துக்கொள்கின்றன. நம் ஊர் வெயிலில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் கரைந்திருப்பது ஏழு, எட்டு மில்லிகிராம்தான். வீட்டுச் சாக்கடை ஒரு லிட்டர் செரிக்க 200 மில்லிகிராமுக்குக் குறையாமல் கேட்கும். கணக்குப் போட்டால், ஒரு குடம் சாக்கடை இருபத்தைந்து குடம் ஆற்றுநீரின் மூச்சைக் குடித்துவிடும். ஆக்சிஜன் 4 மில்லிகிராமுக்குக் கீழே போனால் மீன் திணறும். பச்சைப்பாசி பகலில் ஆக்சிஜன் விடும், இரவில் அதுவே சுவாசிக்கும். அதனால்தான் சாவு விடியற்காலையில்.

ஆக்சிஜன் அடியோடு தீர்ந்ததும் காற்றில்லாமல் வாழும் பாக்டீரியா வேலையைத் தொடங்கும். அழுகிய முட்டை வாடையும் கறுப்புச் சேறும் அவற்றின் கைவரிசை.

கல்லில் மோதி ஓடும் தண்ணீர் காற்றை வாங்கித் தேறும். ஆகாயத்தாமரை மூடிய தேக்கத்தில் அதுவும் நடக்காது. ஆனால் தெளிந்த தண்ணீர் சுத்தமான தண்ணீர் அல்ல. நூறு மில்லி நீரில் மலக் கிருமி 2,500-ஐத் தாண்டினால் குளிக்கவே ஆகாது என்கிறது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். அது கண்ணுக்கா தெரியும்?

கீரை, கொத்தமல்லி, வெள்ளரி, பச்சையாகத் தின்னும் எதற்கும் இந்தத் தண்ணீர் வேண்டாம். தழைச்சத்து இருக்கிறதே என்று ஆசைப்படுபவர்கள் உண்டு. கூடவே கொக்கிப்புழு முட்டையும் வரும். வேறு வழியே இல்லை என்றால் மரப்பயிரோடு நிறுத்திக்கொள்ளலாம். தெளிப்பான் கூடாது, வாய்க்காலில்தான் விட வேண்டும். காலுக்கு பூட்ஸ், கைக்கு உறை அவசியம். தோல், சாயக் கழிவு கலக்கும் இடமென்றால் அதுவும் கூடாது. சோப்பு உப்பு மண்ணை இறுக்கும் என்பதால், பாய்ச்சும் முன் ஒரு பாட்டில் தண்ணீரை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து உப்பின் அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது.